துணி மாத்துற கொட்டகைக்குக் காவல்

ஆடிப் பதினெட்டுக்கு ஆத்தங்கரையில் பெண்கள் துணி மாத்துற கொட்டகைக்குக் காவல் நிற்பதும் வேலைதான்; என்ன, மனுஷங்க மேல இருக்கிற மரியாதை ஒரே நாளில் போயிடும். பத்தாவதோட படிப்பை விட்டதும் ஒகேனக்கல்லில் எனக்குக் கிடைத்தது அதுதான். ஈரச் சேலையோட ஒதுங்க இடமில்லாமல் நின்ற அக்காமார்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மஞ்சப்பை

கொட்டகை நிறையப் பெண்கள், பாதிப்பேர் துணி மாத்தாமல் நடுங்கிக்கிட்டு நின்றார்கள். காய்ந்த சேலை இருக்கிற பை புருஷன்மார் கையில். அவர்களோ பரிசல் பார்க்கப் போய்விட்டார்கள். இண்டூர் அக்கா ஒருத்திக்கு உதடே வெளுத்துவிட்டது. மைக்கில் கூப்பிடலாம், பேரைச் சொல்லுங்க என்றால், புருஷன் பேரைச் சொல்ல மாட்டாளாம். இண்டூரிலிருந்து மஞ்சப்பையோட வந்தவர் கொட்டகைக்கு வரவும் என்று சொல்ல வைத்தேன். மஞ்சப்பை வைத்திருந்த பாதிக் கரை திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர. ரொம்ப நேரம் கழித்து, ஒரு கையில் டிரான்சிஸ்டர், மறு கையில் பை, வாயில் மீன் வறுவலோடு வந்து சேர்ந்தார்.

"இன்னும் ஈரத்தோடவா நிக்கற? சளி புடிச்சா யாரு பாக்கறது?"

எட்டிப் பார்த்தவர்

மத்தியானம் ஒருத்தர் தட்டியை விலக்கித் தலையை உள்ளே விட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையிலிருந்த குச்சியால் தட்டியில் ஓங்கி அடித்தேன். சம்சாரத்தைத் தேடுகிறாராம். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் உங்க சம்சாரமா என்று கேட்டேன். என்னோடு காவலுக்குப் போட்டிருந்த அண்ணன் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பொம்பளப் புள்ள கொஞ்சம் பதவிசா பேசும்மா, அவரு பெரிய மனுஷன்."

மேடைக்கு நிழல்

மேடையில் பேச வந்தவர் முகத்தில் வெயில் அடிக்கிறதாம். விழாக் கமிட்டிக்காரர் ஆட்களோடு வந்து, எங்கள் கொட்டகைத் தட்டிகளை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே ஒரு புதுப்பெண் புதுத் தாலிக்கயிற்றைக் கட்டிவிட்டுப் பழையதைக் கழட்டிக்கொண்டிருந்தாள்; சேலை இன்னும் கட்டவில்லை. பொறுங்க என்று கத்துவதற்குள் இரண்டு தட்டி போய்விட்டது. வெளிச்சம் மேலே விழுந்ததும் அவள் அப்படியே குந்தி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

அவள் மாமியார்தான் முதலில் தான் அவிழ்த்துப் போட்டிருந்த ஈரச் சேலையை இரண்டு கம்பத்துக்கும் இழுத்துக் கட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கமிட்டிக்காரர் திரும்பி வந்து, மேடைக்கு எதிரே ஈரத்துணி தொங்கினால் விழாவுக்கே அசிங்கம், உருவுங்க என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சேலைக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது.

"உங்க வூட்டுப் பொம்பளைய வரச் சொல்லுங்க சாமி. அவங்க வந்து உருவட்டும்."

ஆத்தைத் தாயென்று மைக்கில் மூச்சு முட்டப் பேசுகிறவர்கள்தான், அதில் குளித்து எழுந்தவளுக்கு இரண்டு தட்டியை விட்டுவைக்க மாட்டார்கள்.