மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆகாது

வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர் என்பதால் தெருவே அவரைப் பெயின்டர் என்றுதான் கூப்பிட்டது. கூடப் பிறந்த அக்காவுக்கு மட்டும் அவர் தம்பி. நக இடுக்கில் எந்நேரமும் பச்சையோ நீலமோ ஒட்டியிருக்கும். ஆனால் அடுப்படிக்குள் நுழையுமுன் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். அந்த வீட்டில் அசிரத்தைக்கு இடமில்லை.

அவர் மனைவிக்குக் கோதுமை ஆகாது. தெரியாமல் ஒரு துண்டு ரொட்டி உள்ளே போனாலும் வயிறு அவளைச் சுருட்டிப் போட்டுவிடும். மகளுக்கு வேர்க்கடலை, முந்திரி என்று கொட்டை வகை எதுவுமே ஆகாது. உதடு வீங்கி மூச்சுத் திணறும். இளையவனுக்குப் பாலும் முட்டையும் பகை. பெயின்டருக்கு ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். “நாலு வயிறு, நாலு சட்டம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதலில் சமையல் மனைவியின் பொறுப்பாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு பாத்திரம் வைத்து அவள் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை விடியற்காலத்துக்கு மாறியதும் அடுப்பு இவர் கைக்கு வந்தது. தனித்தனிச் சமையல் கேஸையும் தின்றது, ஆளையும் தின்றது. ‘கோதுமை இல்லாதது’, ‘பால் இல்லாதது’ என்று கடையில் விற்ற பொட்டலங்களின் விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அதைவிட அவரை உறுத்தியது இளையவன் ஒருநாள் கேட்டதுதான். “அப்பா, அம்மா தட்டுல இருக்கிறதும் என் தட்டுல இருக்கிறதும் ஒண்ணா எப்பப்பா இருக்கும்?”

அன்றிலிருந்து பெயின்டர் கணக்கைத் திருப்பிப் போட்டார். யாருக்கு எது ஆகாது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, நாலு பேருக்கும் ஆகிறது எது என்று தேடினார். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, பூசணி, கீரை, வாழைப்பழம், மீன். அட, இவ்வளவு இருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியம். எல்லாம் மலிவாகக் கிடைப்பவைதான். சந்தை கலையும் நேரத்தில் போனால் காய் இன்னும் சல்லிசு. பருப்பை மட்டும் பிரிக்காத மூட்டையிலிருந்து தன் கண்முன்னே அள்ளித்தரச் சொல்வார். கடலை அள்ளிய கரண்டியைக் கடைக்காரர் அதில் போட்டுவிடக் கூடாதே. “என் கடைக்குச் சோதனை அதிகாரிகூட இவ்வளவு நேரம் நின்னதில்லப்பா” என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டாலும் மூட்டையைப் பிரித்துக் கொடுப்பார்.

எண்ணெய்ப் பெயின்டில் தோய்த்த பிரஷைத் தண்ணீர்ப் பெயின்டில் விட்டால் மொத்த வாளியும் வீண் என்பது தொழிலில் பாலபாடம். அதையே அடுப்படிக்கும் வைத்துக்கொண்டார். ஆகாத பொருள் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது.

ஆரம்பத்தில் விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல. அவர் சுட்ட முதல் அரிசிமாவு ரொட்டியைக் கையில் தட்டிப் பார்த்த மகள், “அப்பா, இது தரைக்குப் பதிக்கிற கல்லு மாதிரி இருக்கு” என்றாள். அவரும் கடித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். கொதிநீர் விட்டுப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைத்தால் ரொட்டி மெத்தென்று வரும் என்பது பல தோல்விக்குப் பிறகுதான் பிடிபட்டது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், கொட்டைக்குப் பதில் வறுத்து அரைத்த சூரியகாந்தி விதை, கேக்கில் முட்டைக்குப் பதில் கனிந்த வாழைப்பழம். உப்பு குறைந்த இடத்தை எலுமிச்சையும் மிளகும் நிரப்பின; போதாதவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். ஒருநாள் நாலு பேரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். இளையவன் அம்மாவின் தட்டிலிருந்து வேண்டுமென்றே ஒரு வாய் எடுத்துத் தின்றான். யாரும் தடுக்கவில்லை.

அக்காவுக்குத்தான் இதெல்லாம் வேடிக்கை. நல்ல மனசுக்காரி, ஆனால் நாக்கு நீளம். “உங்க வீட்டுல சமைக்கிறீங்களா, மருந்து கலக்குறீங்களா?” என்பாள். அவள் வீட்டு விசேஷங்களில் இந்தப் பிள்ளைகளுக்கு மூலையில் ஒரு சின்ன மேசை போட்டுவிடுவாள். கொண்டுபோன டப்பாவைத் திறந்து அங்கே உட்கார்ந்து தின்ன வேண்டும். ஒருதடவை மகள் டப்பாவைத் திறக்காமலே, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பெயின்டர் அதைப் பார்த்தார்.

பிறகு அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பேச்சோடு பேச்சாகச் சம்பந்தி வீட்டார் சொன்ன செய்தியில் அக்காவுக்குத் தலை சுற்றியது. மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆகாதாம். மாப்பிள்ளையின் அக்கா மகளுக்குப் பால் ஆகாதாம். மறுநாள் காலையிலேயே தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

“தம்பி, கல்யாணச் சாப்பாட்டை நீதான்டா பாத்துக்கணும்.”

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கணவரைப் பார்த்தாள். பழையதை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பெயின்டர் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

“மாப்பிள்ளைக்குத் தனி, குழந்தைங்களுக்குத் தனின்னு வைக்க மாட்டேன்க்கா. வர்ற எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. மூலையில மேசை கிடையாது.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஊர் கூடுகிற இடத்தில் பத்தியச் சாப்பாடா என்று முனகினாள். அவர் வாதாடாமல் அடுப்பிலிருந்த பூசணிக் குழம்பையும் ரொட்டியையும் தட்டில் வைத்து நீட்டினார். வேண்டா வெறுப்பாக வாங்கியவள், குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டாள். அதுதான் சம்மதம்.

கல்யாணத்தன்று மண்டபத்துச் சமையற்கூடத்தைப் பெயின்டரும் மனைவியும் முதலில் கழுவித் தள்ளினார்கள். வாடகைப் பாத்திரங்களைக்கூட மறுபடி தேய்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விருந்தாளிகள் வரத் தொடங்கும் நேரத்தில் பெயின்டர் பெரிய அண்டாவிலிருந்த உருளைக்கிழங்குக் குழம்பைக் கிளறினார். மேலே மினுமினுவென்று மஞ்சள் திட்டுகள். முகர்ந்து பார்த்தார். வெண்ணெய்.

யார் போட்டது என்று அவர் கேட்குமுன் அக்காவே முன்னால் வந்தாள். “நான்தான்டா. கொஞ்சம் கமகமன்னு இருக்கட்டும்னு...”

அவர் கிளறிப் பார்க்காமல் விட்டிருந்தால், இளையவன் தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றிருப்பான். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “கேக்குறதுக்குள்ள சொன்னியே, அது போதும்” என்றவர், அந்த அண்டாவை இறக்கி வாசலுக்கே கொண்டுபோகச் சொன்னார். சாப்பாடு வீணாகவில்லை, மண்டபத்துத் துப்புரவு ஆட்கள் விவரம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்கள். பெயின்டர், மனைவி, அவர்களுக்கு எதிரே பெண்ணைப் பெற்ற அக்கா. விசேஷத்துக்கு எடுத்த புதுத்துணி மடியில் தோல் குவிந்தது. சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். அக்கா மறைக்கவில்லை. “என் தம்பி சமைக்கிறான். நான் கெடுத்தேன். அதான் உரிக்கிறேன்” என்றாள். சம்பந்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு கத்தியை எடுத்தாள்.

பந்தி கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது. யாரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை வழக்கப்படி, இதில் என்ன இருக்கிறது என்று பரிமாறுகிறவரிடம் கேட்கத் தொடங்கினார். “எல்லாமே உங்களுக்கு ஆகும் மாப்பிள்ளை, தைரியமா சாப்பிடுங்க” என்றார் பெயின்டர். மாப்பிள்ளை ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கவே பசிக்கிற மாதிரி சாப்பிட்டார்.

வரிசையின் நடுவில் பெயின்டரின் பிள்ளைகள். கையில் டப்பா இல்லை. இளையவன் மூன்றாம் தடவை கேக் கேட்டு அம்மாவிடம் முறைப்பு வாங்கிக்கொண்டான். மகள் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். தட்டில் என்ன இருக்கிறது என்று அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை தன்பாட்டில் எடுத்தது, வாய் தன்பாட்டில் மென்றது. அதைப் பெயின்டர் ஓரமாக நின்று பார்த்தார். அவர் வண்ணம் அடித்த எந்த மாளிகையும் அவருக்கு இப்படி ஒரு நிமிர்வைத் தந்ததில்லை.

“இந்தச் சமையல்காரர் யாரு?” என்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் விசாரித்தபோது, பெயின்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

“சமையல்காரர் இல்லீங்க. என் கூடப் பிறந்தவன்.”