பிரான்சிலிருந்து வைத்த பாலறுகு

போனில் வீடியோக் கோல் இல்லாமல் எங்கள் ஊரான கோப்பாயில் இப்போது ஒரு நல்ல காரியமும் நடப்பதில்லை. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கன்று கிணற்றடியில் நனைந்து உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

தலையில் முதலில் பாலும் அறுகும் வைக்க வேண்டியவர் தாய்மாமன். என் மாமா பிரான்சில் இருந்தார். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். வேறு யாராவது வைக்கட்டும் என்றவர்களை அம்மா முறைத்தார். இருப்பது ஒரே தம்பி, அவன்தான் வைக்க வேண்டும் என்று ஒரே பிடி.

ஆகவே அங்கே மாமா வெறுங்கையைக் கவிழ்ப்பார். அதே நேரம் இங்கே அம்மா ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறுகையால் அறுகை வைத்துப் பாலை ஊற்றுவார் என்று ஏற்பாடு. பால் என் மூக்குக்கு வந்தபிறகுதான் திரையில் மாமாவின் கை கவிழ்ந்தது.

"அக்கா, ரெண்டும் ஒண்டா வரேல்லை. இன்னொருக்கா ஊத்துங்கோ," என்றார் வீடியோக்காரர்.

ஊற்றினார். இம்முறை மாமாவையே காணோம். திரை கறுத்துவிட்டது.

"நாசமாப் போன லைன்! தம்பி, கேக்குதோ? உன்ரை முகம் தெரியேல்லையடா."

"கேக்குது அக்கா. நீங்கள் ஊத்துங்கோ."

முகம் வந்தது. மறுபடி பால், மறுபடி கறுப்பு. கழுத்தெல்லாம் பிசுபிசுத்தது, காலில் எறும்பு கடித்தது, ஐயர் குறித்துத் தந்த நேரமோ போய்க்கொண்டிருந்தது. போனுக்குள்ளிருந்து சளி பிடித்தவர் போல மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமாவுக்குத் தடிமன் எண்டால் போய்ப் படுக்கச் சொல்லுங்கோ! எனக்குக் குளிருது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மிச்சப் பாலை என் தலையில் ஊற்றிவிட்டு, போனை வாயருகே கொண்டுபோய், "ஓம் தம்பி, நீ வைச்சிட்டாய். வடிவா வைச்சிட்டாய்," என்றார். எனக்குத் தலை துவட்ட ஒரு துவாய் தரக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வீடியோக்காரர் எடுத்த படத்தை அண்மையில் போட்டுப் பார்த்தேன். திரை கறுத்த இடங்களில் மாமாவின் குரல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. கறுப்பின் ஓரத்தில் ஒரு விரலின் சிவப்புத் தெரிந்தது. கொஞ்சம் பிந்தினாலும் லைன் அறுந்திருக்கவில்லை. அழுகிற முகத்தை அக்கா பார்க்கக் கூடாதென்று மாமா கமராவைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்தான்.