முதல் கொக்கி

என் வீட்டுக்காரருக்கு ஓடத் தெரியாது. பேருந்து கிளம்பிவிட்டால்கூட நடந்துதான் போவார், பாதி நாள் அதை விட்டும்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஆயுள் முழுக்க ஓடுகிறவர்களின் சட்டைகளோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். நாட்டின் கால்பந்து அணிக்குத் துணிமணி பார்த்துக்கொள்வது அவர் வேலை. துவைப்பது, காயவைப்பது, ஆட்டத்தன்று எடுத்துப்போய் மாட்டி வைப்பது எல்லாம் அவர். கிழிசல் தைப்பது வீட்டில் இருந்தபடியே நான். ஆட்டக்காரர்கள் அவரை அண்ணே என்பார்கள், என்னை அண்ணி என்பார்கள். ஒருவன் மட்டும் மாமா என்பான், அக்கா என்பான். அவன் என் கூடப்பிறந்த தம்பி. ஆள் பொடியன், பேச்சு மட்டும் ஊருக்கே கேட்கும். அணியில் அவனுக்குச் சித்தெறும்பு என்று பெயர்.

மைதானத்தில் உடை மாற்றும் அறையில் சுவரோடு ஒரு நீளப் பெஞ்சு, அதற்கு மேலே வரிசையாகக் கொக்கிகள். மற்ற நாடுகளில் சட்டைகளை எண் வரிசையில் மாட்டுவார்களாம். கால்பந்து சங்கத்துக்காரர்கள் இவரையும் அப்படித்தான் மாட்டச் சொன்னார்கள். சரிங்க என்று தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வது இவருக்குக் கைவந்த கலை, வீட்டிலும் அதே கதைதான். நாட்டுக்காக யார் அதிக ஆட்டம் ஆடியிருக்கிறாரோ அவருக்கு வாசலை ஒட்டிய முதல் கொக்கி. அடுத்தவருக்கு அடுத்தது. புதிதாக வந்த பையனுக்குக் கடைசிக் கொக்கி, கழிப்பறையை ஒட்டி. அந்த நாற்றத்தில் தொடங்கி ஒவ்வொரு கொக்கியாக நகர்ந்துதான் எவனும் வாசலுக்கு வர வேண்டும். முதல் கொக்கிக்கு இன்னொரு விதி. அந்த ஆள் ஓய்வு பெற்றுப் போனாலும், வேறொருவன் அவரைத் தாண்டும்வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் சட்டைதான் அதில் தொங்கும். மரியாதைக்காக இவரே வைத்த விதி அது.

எனக்குத் தெரிந்து நெடுங்காலம் அது மதில் என்று எல்லாரும் கூப்பிட்டவரின் கொக்கி. இடது பக்கத் தடுப்பாட்டக்காரர், பேசவே மாட்டார், அசையாமல் நிற்பார், பந்து வந்தால் மட்டும் மின்னலாகப் பாய்வார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். சட்டையின் கழுத்துப் பட்டையை வாயில் கவ்விக்கொண்டு கடித்தபடியே ஆடுவார். ஆட்டம் முடிந்தால் அந்தப் பட்டை நாய் வாயில் அகப்பட்ட துணி போல வரும். “உங்க வீட்ல சோறு போடறதில்லையா?” என்று ஒருமுறை நேரில் கேட்டேவிட்டேன். மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவருக்கு முன்னால் அதே இடது பக்கத்தில் ஓடுகிறவன் என் தம்பி. “பின்னாடி அவர் இருக்கார்னா நான் திரும்பியே பாக்க வேணாம் அக்கா” என்பான்.

மதில் ஓய்வு பெற்றார். நாட்டின் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்று மாலை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். சில வருடங்கள் கழித்து, ஒரு ஆட்ட நாளின் சாயங்காலம், வீட்டில் நாற்காலியில் தூங்கியபடியே இறந்துபோனார்.

அதற்கடுத்த ஆட்டத்துக்கும் இவர் கை பழக்கத்தில் அவர் சட்டையை மாட்டிவிட்டது. மாட்டிய பிறகுதான் உறைத்திருக்கிறது. பையன்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். ஆட்டம் முடிந்து அறை காலியானதும் எல்லாச் சட்டைகளையும் கூடையில் போட வந்தவர் அந்தச் சட்டையில் கை வைத்ததும் நின்றுவிட்டார். அது நனைந்திருந்தது.

வீட்டுக்கு அதை மட்டும் தனியாக ஒரு பையில் கொண்டுவந்தார். “இதக் கொஞ்சம் பாரேன்” என்று மேசைமேல் வைத்தார். முதுகெல்லாம் வேர்வை, தோளில் புல் கறை, அடியில் மைதானக் கோட்டுச் சுண்ணாம்பு. எனக்குக் கோபம்தான் வந்தது.

“எவனோ விளையாட்டுக்குப் போட்டுக்கிட்டு ஆடியிருக்கான். செத்தவர் சட்டைன்னு ஒரு இது வேணாமா?”

“எல்லாரும் அவனவன் சட்டையிலதான் இருந்தாங்க. நான் எண்ணிப் பாத்தேன்.”

“அப்போ கூரை ஒழுகியிருக்கும்.”

இவர் கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினார். பல் பதிந்திருந்தது. நூல் பிரிந்து, எச்சில் இன்னும் காயாமல் இருந்தது.

சட்டையைத் தள்ளி வைத்தேன். ஆனால் நான் பயந்தது அந்தச் சட்டையைப் பார்த்து இல்லை. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. மதில் ஓய்வு பெற்ற பிறகும், அத்தனை வருடமும், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நான் அந்தப் பட்டையைத் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். கூடையில் வரும், எடுப்பேன், தைப்பேன், மடிப்பேன். ஆடாத ஆளின் சட்டை எப்படிக் கிழிகிறது என்று யோசிக்கவே இல்லை. இவரும் மற்ற ஈரத் துணிகளோடு சேர்த்து அதையும் துவைத்திருக்கிறார், இவருக்கும் தோன்றவில்லை.  அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, யாரும் எழவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு இவர் அந்தச் சட்டையை மாட்டவில்லை. வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். நானும் அதுதான் சரி என்றேன். மறுநாள் காலையில் மதிலின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

“அக்கா, நேத்து சாயங்காலம் என்னால வீட்ல இருக்க முடியல. அவரோட அலமாரிய யாரோ திறந்து திறந்து மூடுறாங்க. மேட்ச் முடியிற வரைக்கும். போய்ப் பாத்தா துணியெல்லாம் தரையில கிடக்கு.” தயங்கினாள். “அவருக்கு எதாவது தேவைப்படுதா அக்கா?”

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, மதில் கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று மெல்லக் கேட்டேன். அவள் சொன்னதை நான் கேட்காமலே இருந்திருக்கலாம். ஓய்வு பெற்றதிலிருந்து, மேட்ச் உள்ள நாட்களில் சாயங்காலம் மனிதருக்குத் தூக்கம் அப்படியே ஆளை அமுக்குமாம். நாற்காலியில் சாய்வாராம். தூக்கத்தில் கால் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்குமாம். முழிக்கும்போது உடம்பெல்லாம் நனைந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் இருப்பாராம். டாக்டர்கள் நரம்பு என்றார்கள், வயது என்றார்கள்.

“கடைசி நாளும் அப்படித்தான் ஓடினாரு அக்கா. திடீர்னு நின்னுடுச்சு. தூக்கம் இப்பத்தான் நல்லா வந்திருக்குன்னு நான் எழுப்பாம விட்டுட்டேன்.”

அவளிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. அவள் போன பிறகு இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“மதில் மேல தப்பில்ல. அந்தக் கொக்கி யார் பேர்ல இருக்கோ அவன் ஆடிக்கிட்டே இருக்கணும். உசிர் இருந்தாலும் சரி, போனாலும் சரி. இன்னொருத்தன் வந்து தாண்டினாத்தான் விடும்.”

“இன்னொருத்தன்னா?”

கேட்கும்போதே எனக்குத் தெரியும். இரண்டாவது கொக்கியில் தொங்கியது என் தம்பியின் சட்டை. இன்னும் இரண்டே ஆட்டம், அவன் மதிலைத் தாண்டிவிடுவான். செய்தித்தாளில் எல்லாம் அதுதான் பேச்சு. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஊசி குத்திக்கொண்டு, அந்த இரண்டு ஆட்டத்துக்காகத்தான் நொண்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். சாப்பாடு போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை எடுத்துக் காட்டினேன், பட்டையைக் காட்டினேன். சிரிப்பான், கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். அவன் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். வாயாடி அப்படி வாய் மூடி உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

“தெரியும் அக்கா” என்றான்.

“என்ன தெரியும்?”

“அவர் எனக்குப் பின்னாடிதான் ஓடுறாரு. இப்ப அங்க ஆடுற பையன் நல்லவன்தான், ஆனா அவனத் தாண்டி எவனாவது வந்தா, வர்றவன் வெறும் இடத்துல முட்டிக்கிட்டு விழுறான். நடுவர் எம்மூஞ்சியப் பாக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?” தண்ணீர் குடித்தான். “அது கூடப் பரவால்ல. அவர் மூச்சு வாங்குறது காதுல கேக்குது. முன்ன எல்லாம் அப்படி வாங்க மாட்டாரு. ரொம்பக் களைச்சுப் போயிட்டாரு அக்கா.”

“அதுக்கு?”

“யாராவது ஒருத்தன் அவர வீட்டுக்கு அனுப்பணும்ல.”

நான் கத்தினேன். பைத்தியமா உனக்கு என்றேன், அம்மா மேல் ஆணை என்றேன், காலில் விழவா என்றேன். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “விதிய நான்தானே வெச்சேன், நானே மாத்திடறேன்” என்றார். “கொக்கி எல்லாத்தையும் புடுங்கிடறேன் மாப்ள.”

“புடுங்கினா அவர் எங்க போவாரு மாமா? அந்த அக்கா வீட்டு அலமாரிக்குத்தான் போவாரு.”

 அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போல மூக்கைச் சட்டையின் இடது கையில் துடைத்துக்கொண்டு கிளம்பினான். சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கத்துக்காக அவனை எத்தனை முறை திட்டியிருப்பேனோ.

தாண்டும் ஆட்டத்துக்கு நானும் மைதானத்துக்குப் போனேன். பார்வையாளர் பக்கம் உட்கார மனம் ஒப்பாமல் உடை மாற்றும் அறைக்குள்ளேயே இருந்தேன், யாரும் தடுக்கவில்லை. பையன்கள் போன பிறகு நானும் அவரும் மட்டும். முதல் கொக்கியில் மதிலின் சட்டை. வெளியே ஊதல் கேட்டதும் அதன் கைகள் லேசாக உப்பின. ஜன்னல் மூடியிருந்தது. முதுகில் ஒரு சின்ன ஈரத் திட்டு தோன்றி, எங்கள் கண்ணெதிரே மெல்லப் பரவிக்கொண்டே போனது. கழுத்துப் பட்டை ஒரு பக்கமாக மடங்கியது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

கடைசி ஊதல் அடித்தது. அந்தச் சட்டை நீளமாக ஒரு மூச்சை விட்டது. அதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அது வெறும் துணியாகத் தொங்கியது. தொட்டுப் பார்த்தோம், காய்ந்திருந்தது, வெயிலில் கிடந்து எடுத்தது போல.

மறுநாள் அதை மடித்து இவர் மதிலின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அழுதாளாம், அன்றிரவு நன்றாகத் தூங்கினாளாம். என் தம்பிக்கும் மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். முழங்கால் அதற்குமேல் தாங்கவில்லை. அடுத்த மாதமே ஓய்வு பெற்றான்.

இப்போது அவன் எங்களோடுதான் இருக்கிறான். மற்ற நாட்களில் பழைய வாயாடிதான், காய்கறிக்காரரிடம்கூடப் பந்துக் கதை அளப்பான். ஆட்டம் உள்ள நாளில் சாயங்காலம் நெருங்கினால் அவனே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். “அக்கா, பக்கத்துல இரு” என்பான். கண் செருகும். நான் கீழே உட்கார்ந்து அவன் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் அவை ஓடத் தொடங்கும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நிற்காது. இடையில் ஒருமுறை தளர்ந்தால் என் உயிரே போய்விடும், மீண்டும் ஓடினால் அப்பாடா என்றிருக்கும். இவர் திரும்பி வரும்போது பையில் முதல் கொக்கியில் தொங்கிய அவன் சட்டை இருக்கும், இடது கையில் மூக்கைத் துடைத்த கறையோடு. அதை மட்டும் நானே துவைக்கிறேன். திட்டுவதில்லை.

இரண்டாவது கொக்கியில் இப்போது தொங்குவது கோல் காப்பவனின் சட்டை. பசை என்று கூப்பிடுவார்கள், பந்து அவன் கையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பிள்ளை, என்னைப் பார்த்தால் பையை வாங்கிச் சுமப்பான். என் தம்பியைத் தாண்ட அவன் இன்னும் சில வருடங்கள் ஆடியாக வேண்டும். விளையாட்டுச் செய்திகளில் அக்கறையே இல்லாதவளாக இருந்த நான் இப்போது பசைக்குக் கையில் அடிபட்டதா, கால் சுளுக்கியதா என்று செய்தித்தாளில் தேடித் தேடிப் படிக்கிறேன்.

போன வாரம் மைதான வாசலில் அவன் அம்மாவைப் பார்த்தேன். மகனுக்கு டிபன் கொண்டுவந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படியாவது உங்க தம்பியத் தாண்டி எம்பையன் அந்த மொதக் கொக்கிக்கு வந்துடணும்னு தினமும் வேண்டிக்கிறேன். நீங்க தப்பா நினைக்கக் கூடாது” என்றாள்.

“இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு” என்றேன். “நானும் அதத்தான் வேண்டிக்கிறேன்.”