அலமாரியில் கிடந்த மூன்றாவது பிஸ்டல்

முதன்முதலாக என்ன பிஸ்டல் வாங்கலாம் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அட்டையைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கான ஏர் பிஸ்டலைத்தான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் கிடக்கட்டும், முதலில் ஒரு கல்லைப் பொறுக்கி வீசிப் பாருங்கள் என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு சரோஜினி நகரில், அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ். அலுவலக கிளப்பில் துப்பாக்கி சுடும் பிரிவு தொடங்கியபோது பெயர் கொடுத்த இரண்டு பெண்களில் நான் ஒருத்தி. அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. மூன்று மாதம் போகிறேன், அணியில் இடம் கிடைக்காவிட்டால் நானே நின்றுவிடுகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கிளப்பின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் என் வயதுள்ள ஒரு பஞ்சாபிக்காரர். முதல் நாள் அவர் பிஸ்டலை நீட்டியதும் வலது கையால் வாங்கினேன். எங்கள் வீட்டில் வளர்ந்தவள் வேறெந்தக் கையை நீட்டுவாள்? சின்ன வயதில் நான் இடது கையால் எதைத் தொட்டாலும் அப்பா ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். "பீச்சாங்கையை நீட்டாதே" என்பார். சாப்பாடு, எழுத்து, கொடுக்கல் வாங்கல் எல்லாம் வலது கைக்குப் போய்விட்டன. எனக்கு இன்னொரு கை பழகியிருந்தது என்பதே மறந்துபோயிற்று.

அவர் சொன்ன யோசனைகள் இன்றைக்கும் செல்லும். பளபளப்பைப் பார்க்கக் கூடாது. பிடி உள்ளங்கையில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். விரல் வலிந்து நீளாமல் விசையைத் தொட வேண்டும். குண்டு போடாமல், குழாயை அட்டைப் பக்கமே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிக் கண்ணைத் திறந்தால் குறி ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும்.

எனக்கு ஒருநாளும் நேராக நின்றதில்லை. இன்னொரு பெண் ஒன்பதும் பத்துமாகச் சுட, என் குண்டுகள் அட்டையின் ஓரத்தைத் தேடிப் போயின. பிஸ்டலைத் திட்டினேன். இருந்த இன்னொன்றை வாங்கிப் பார்த்து அதையும் திட்டினேன். எரிச்சலில் ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை. அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், மைதானத்தில் ஒரு குரங்கு என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடியது. காலையில் அவசர அவசரமாகக் கிளறிய எலுமிச்சை சாதம். ஒரு கல்லை எடுத்து விட்டெறிந்தேன். அது டிபன் பாக்ஸின் மேலேயே போய் ணங்கென்று விழ, குரங்கு பாக்ஸைப் போட்டுவிட்டு மரமேறியது.

ஸ்டோர்க்காரர் முதலில் சிரித்தார். பிறகு எந்தக் கையால் எறிந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். நான் என் கைகளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மண் ஒட்டியிருந்தது இடது கையில்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து, துணி சுற்றிய மூன்றாவது பிஸ்டலை எடுத்து வந்தார். இடது கைக்கென்று மரப்பிடி செதுக்கிய அதை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக் கையைத் தூக்கித் திறந்தேன். குறி நிற்க வேண்டிய இடத்தில், கறுப்பு வட்டத்துக்குச் சற்றுக் கீழே, அசையாமல் நின்றது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, அப்பாவின் மேல்.

அந்த ஒரு வாரமும் தினமும் பயிற்சிக்குப் போனேன். அணியில் கடைசி இடம் கிடைத்தது. வீட்டில் அதை மட்டும் சொன்னேன், எந்தக் கை என்று சொல்லவில்லை.

முதல் போட்டிக்கு அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுட்டு முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தேன். ஸ்கேல் காலம் போல இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி நீட்டினார். பழக்கத்தில் என் வலது கை போயிற்று.

அப்பா மூடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையிலேயே வாங்கிக்கோம்மா" என்றார்.