ஐலீனுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர்

வலது உள்ளங்கையை வாயோரம் மடக்கிக் குரலை மேடைக்கு மட்டும் அனுப்புகிறார் யூனிஸ். முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது, மேடையில் நிற்கும் ஷீலாவுக்குக் கேட்கும். பகலில் தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கவுன்டர் ஓட்டை வழியாகப் பேசிப் பேசியே இந்தக் குறி கைவந்ததாகச் சொல்வார். மாலையில் கிழக்குத் தாம்பரத்து நாடகக் குழுவுக்கு பிராம்ப்டர், நடிப்பவர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பவர். பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பென் டார்ச், வாயில் ஒரு கிராம்பு. அவ்வளவுதான் அவருடைய ராஜ்யம்.

இந்த வருடம் குழு எடுத்திருப்பது இந்தக் காலத்து அயர்லாந்து நாடகம் ஒன்று. டப்ளின் பக்கம் ஒரு புதுக் குடியிருப்பு. கம்பெனிகள் வந்து குவிந்தபோது கடனில் வீடு வாங்கியவர்கள், கம்பெனி போனதும் சாவியை வங்கியிடம் நீட்டுகிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்ததே யூனிஸ்தான். "பேருதான் டப்ளின். பள்ளிக்கரணைல பாதி ஃபிளாட்டு இந்தக் கதைதான்" என்பார். கதாநாயகி ஐலீனின் வேஷம் தனக்குத்தான் என்று யூனிஸ் நிலைக்கண்ணாடி முன்னால் வரிவரியாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தார். இயக்குநர் ஸ்டெபின் அந்த வேஷத்தைத் தூக்கி ஷீலாவுக்குக் கொடுத்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பொறாமைல சொல்லல" என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம் ஷீலாவின் நடை, கோட்டு, குரல் ஒன்றும் தப்பாது. ஷீலாவுக்கு சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை போய்விட்டது. அதனால்தான் ஐலீன் அவளுக்கு அப்படிப் பொருந்துகிறாள் என்று குழுவில் ஒரு பேச்சு. யூனிஸுக்கு அதற்கும் வயிறு எரிந்தது. "வேலை போனதுலகூட அவளுக்கு ஒரு லாபம் பாருங்க. நம்மள ரயில்வேக்காரன் போன்னு சொல்லவும் மாட்டான்."

முதல் காட்சியன்று, சாவியைக் கொடுக்கும் கட்டத்தில் ஷீலாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. 'இந்த வீட்டுச் சுவத்துல நாங்க இன்னும் ஒரு ஆணிகூட அடிக்கல.' யூனிஸின் நாக்கு நுனியில் இருந்தது. முழிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஷீலா சாவியையே பார்த்தபடி நின்றாள். அரங்கில் ஒருவரும் இருமவில்லை. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிறகு வசனம் தானாக வந்தது, பின்னாலேயே கைதட்டலும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மறுநாள் எல்லாரும் பேசியது அந்த மௌனத்தைப் பற்றி.

ஷீலா வேறு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னேதானக்கா குடுக்காம விட்டீங்க? தேங்க்ஸ்க்கா. இன்னிக்கும் அப்படியே விட்ருங்க."

யூனிஸ் சிரித்து வைத்தார். இன்று அவள் நின்ற மறுநொடியே எடுத்துக் கொடுத்து அந்த மௌனத்தைக் கெடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். அந்தக் கட்டம் நெருங்கியதும் கிராம்பைத் துப்பிவிட்டுத் தயாரானார். ஷீலா சாவியை நீட்டினாள், நின்றாள். யூனிஸின் கை வாயோரம் போயிற்று, உதடும் பிரிந்தது. ஷீலாவின் கட்டைவிரல் மட்டும் சாவியைத் தடவிக்கொண்டே இருந்தது, விட மனமில்லாமல். நிலைக்கண்ணாடி முன்னால் அத்தனை நாள் நின்றும் யூனிஸுக்கு அது தோன்றியதே இல்லை.

மடக்கிய கை மெல்ல விரிந்து, வாயை முழுவதுமாகப் பொத்திக்கொண்டது.