லோரன் சுமந்த தாள்கள்

லோரனும் அவர் கணவர் டுவைட்டும், மேரனுக்கு அப்பாக்கள் இருவரும், மகளோடு கான்சஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் டுலூத் நகரத்துக்குக் குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பழைய ஊரில் நூலகம், நீச்சல் குளம், பல் மருத்துவர் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி, "அம்மா வரலையா?" என்பதுதான். மேரனுக்குக் கை முறிந்தபோது, லோரன் அப்பாதான் என்று நிரூபிக்கும்வரை மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடவில்லை. அன்றிலிருந்து தத்தெடுப்பு ஆணை, திருமணச் சான்று, வழக்கறிஞர் கடிதம் எல்லாம் அவரோடேயே அலைந்தன.

மேரனைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்றும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அலுவலகத்தில் சேர்க்கையைப் பார்க்கும் திருமதி டாலெஃப்சன் வாய் திறப்பதற்குள் அத்தனை தாள்களையும் மேசையில் பரப்பிவிட்டார்.

"என்னங்க இது, பள்ளிக்கூடத்தையே விலைக்கு வாங்க வந்திருக்கீங்களா?" என்றார் அந்த அம்மாள். "தடுப்பூசி அட்டையும், விலாசத்துக்குக் கரண்ட் பில்லும் போதும்."

அந்த இரண்டையும்தான் லோரன் கொண்டுவரவில்லை.

"பரவால்ல, நாளைக்குக் கொண்டாங்க. பாப்பா இன்னைக்கே வகுப்புல உக்காரட்டும். இன்னொரு அப்பா நம்பரையும் எழுதிடுங்க. நீங்க எடுக்கலைன்னா அவரைக் கூப்பிடணும்ல."

லோரன் எழுதிக் கொடுத்தார். மேரன் வகுப்புக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஏதாவது வேணுங்களா?"

"இல்லீங்க. இப்பத்தான் அசதியே தெரியுது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."