எல்லா வீட்டையும் பார்த்தவர்

இணையத்தில் இயங்கும் சேவைகளை எழுதக் கற்றுக்கொண்டிருந்த சமயம், பயிற்சிக்காக எங்கள் மயிலாப்பூர் தெருவுக்கு ஒரு கொலு ஆப் செய்தேன். எப்போது கொலு பார்க்க வரலாம், எப்போது வீடு பூட்டியிருக்கும் என்று ஒவ்வொரு வீட்டாரும் எழுதி, வீட்டு நம்பரில் முடியும் லிங்க்கை வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்பலாம். தனியாக வசிக்கும் கோடி வீட்டு மாமி, "முழங்கால் வலி. கதவு திறந்தே இருக்கும், உள்ளே வந்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார்.

நவராத்திரி நடுவில் ஒரு மதியம் மாமி போன் செய்தார்.

"லிங்க்குல கடைசி நம்பரை மாத்தி அடிச்சுட்டேன்டா. எதிராத்துக்காரா என்னிக்கு இருக்க மாட்டான்னு அப்படியே வரது. அப்போ நான் எழுதினதையும் யார் வேணா படிக்கலாமோ?"

பார்ப்பவர் யார் என்று சரிபார்க்கும் பகுதியை, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். உடனே சர்வரை நிறுத்திவிட்டு, யார் யார் வந்துபோனார்கள் என்று அதன் பதிவில் பார்த்தேன். முந்தைய நாள் யாரோ ஒருவர் முதல் வீட்டில் தொடங்கி, ஒரு வீட்டையும் விடாமல் வரிசையாகப் படித்திருந்தார். மாமியின் பக்கத்தை மட்டும் மறுபடியும் வந்து படித்திருந்தார்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். திட்டு வாங்கினேன். அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. திருட்டு எதுவும் நடக்கவுமில்லை.

இப்போது எதை எழுதினாலும் அந்தச் சரிபார்ப்பைத்தான் முதலில் எழுதுகிறேன். ஆனாலும் அடுத்த வருடம் கொலுவுக்குப் போனபோது, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.